ஒரு பியானோவின் பிறப்புச் சாட்சிப் பத்திரம்

மாத்தளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளில், எல்கடுவையிலும் இரத்தோட்டையிலும் கம்மடுவையிலும், வெள்ளைத் துரைமார் காலத்துப் பழைய பங்களாக்கள் இன்றும் நிற்கின்றன. சிலவற்றில் தோட்ட நிர்வாகிகள் வசிக்கின்றனர். சில, உல்லாசப் பயணிகளின் விடுதிகளாகிவிட்டன. வேறு சில கூரை பழுதுற்றுப் பாசி படர்ந்து கிடக்கின்றன. மலைநாட்டுப் பங்களாக்களின் கூடத்தில் ஒரு காலத்தில் கௌரவமான இடம் வகித்த பொருள்களுள் பியானோவும் ஒன்று. பெரும்பாலும் அது சுவரோரமாக நிமிர்ந்து நிற்கும் வகையைச் சேர்ந்தது. நாம் அதை நிமிர் பியானோ என்றே அழைப்போம். துரைமார் கப்பலேறியபோது, இத்தகைய பாரங்களை உடன்கொண்டு செல்வது எளிதாயிருக்கவில்லை. சில பங்களாவிலேயே தங்கின. சில கைமாறி நகரத்து வீடுகளையும் பள்ளிக்கூடங்களையும் தேவாலயங்களையும் அடைந்தன.

இப்படிப்பட்ட பியானோ ஒன்று கைக்கு வந்ததும் அதை உடையவர் கேட்கும் கேள்விகள் மூன்று. இதைச் செய்தவர் யார்? இதன் வயது என்ன? இது என்ன விலை பெறும்? மூன்றும் நியாயமான கேள்விகளே. அவற்றுக்கு விடை காணும் முறைகளும் உண்டு. அவற்றை இங்கே விளக்க முயல்வோம். ஆயினும் மாத்தளை மண்ணில் நின்றுகொண்டு இக்கேள்விகளைக் கேட்கும் நம்மால் நான்காவது கேள்வியொன்றைக் கேளாதிருக்க முடியவில்லை. இதை இந்த மலைக்குக் கொண்டுவந்து சேர்த்த உழைப்பு யாருடையது?

முதல் மூன்று கேள்விகளுக்கும் பியானோவே விடை சொல்லும். நான்காவதற்கு விடை தேட நாம் வேறு ஏடுகளைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

இரு பாதைகள்

பியானோ என்னும் வாத்தியம் 1700 ஆம் ஆண்டையொட்டி இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்த்தலோமியோ கிறிஸ்தோபொரி என்பவரின் கைத்திறனால் உருவாயிற்று. தந்தியைச் சுண்டி ஒலியெழுப்பிய பழைய வாத்தியத்துக்குப் பதிலாக, சிறு சுத்தியலால் தந்தியைத் தட்டி ஒலியெழுப்பும் உபாயத்தை அவர் கண்டார். நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் அது நிமிர்ந்து நிற்கத் தொடங்கியது. லண்டனில் ராபர்ட் வோர்ணம் 1811 முதல் சிறிய நிமிர் பியானோக்களைச் செய்தார். 1842 இல் அவர் பதிவு செய்த சுத்தியல் பொறியமைப்பு, பின்னர் எழுந்த எண்ணற்ற பியானோக்களுக்கு அடிப்படையாயிற்று. பிரபுக்களின் மாளிகையை விட்டு நடுத்தர வர்க்கத்தின் சிறிய கூடத்துக்குப் பியானோ இறங்கிவந்தது இவ்வாறுதான். யந்திரத் தொழில் வளர வளர அதன் விலையும் இறங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில், கூடத்தில் பியானோ இருப்பது இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பத்துக்கு அந்தஸ்தின் அடையாளமாகிவிட்டது.

அந்த வர்க்கத்தின் பிள்ளைகள் பலர் கோப்பித் துரைமாராக இலங்கைக்கு வந்தனர். 1830களிலும் 1840களிலும் கண்டிச்சீமைக் காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்களாயின. மாத்தளையும் அவற்றுள் ஒன்று. தோட்டம் என்றால் பாதை வேண்டும். பாதைக்கு ஆள் வேண்டும். 1848 இல் தேசாதிபதி டொரிங்டன் பிரபுவின் ஆட்சி, துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்ததோடு, ஆண்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 6 நாள் பாதை வேலை செய்ய வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் சட்டமியற்றியது. ஐரோப்பாவெங்கும் புரட்சித் தீ பரவிய அதே ஆண்டில், சூலை மாத இறுதியில், மாத்தளையில் சிங்கள விவசாய மக்கள் கிளர்ந்தெழுந்தனர். தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். கிளர்ச்சிக்காரர்கள் மாத்தளைக் கச்சேரியைத் தாக்கி, வரிப் பதிவேடுகள் சிலவற்றை அழித்தனர். அவர்களை வழிநடத்திய புரன் அப்பு, ஆகஸ்ட் 8 ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். அரசாங்கத்தின் பலம் துப்பாக்கியில் மட்டுமன்றி ஏட்டிலும் இருக்கிறது என்பதை அம்மக்கள் நன்கு உணர்ந்திருந்தார்கள் போலும். இதை வாசகர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். ஏட்டைப் பற்றிப் பின்னரும் பேச இருக்கிறோம்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867 இல் ரயில் வந்தது. அது மாத்தளையை எட்டியது 1880 இல். அதற்கு முன்னர் கனத்த சரக்கு எதுவாயினும் மாட்டுவண்டியிற்றான் மலையேற வேண்டும். ரயில் வந்த பின்னரும், நிலையத்திலிருந்து தோட்டம் வரை வண்டியையும், வண்டி ஏறாத இடத்தில் மனிதத் தோளையும் விட்டால் வேறு கதியில்லை. நிமிர் பியானோவொன்றின் எடை பெரும்பாலும் 200 கிலோவை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். அதன் உள்ளே இருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம் அப்பாரத்துக்கு ஒரு முக்கிய காரணம்.

தெற்கிலிருந்து இப்படியொரு பாதை மாத்தளைக்கு வந்ததென்றால், வடக்கிலிருந்து வேறொரு பாதை வந்தது. திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை முதலிய இடங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் துரத்தப்பட்ட மக்கள், கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளையையும் நாலந்தையையும் கடந்து, கால்நடையாகவே மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுக மக்களைக் கொண்டன. 1840களில் மாண்டோர் தொகை 70,000 இருக்கும் என்று 1849 இல் கொழும்பு அப்சர்வர் பத்திரிகை மதிப்பிட்டது. அது மிகை என்று வாதிடும் ஆய்வாளரும் உளர். வாதம் எழுவதற்குக் காரணம் என்ன? இறந்தவர்களை ஒழுங்காக எண்ணி எழுதி வைத்த ஏடு இல்லை என்பதே காரணம்.

பெயர் யாருடையது?

இனி, அத்தகைய நிமிர் பியானோவொன்று நம் முன்னே நிற்பதாக வைத்துக்கொண்டு அதை வாசித்துப் பார்ப்போம். இங்கே வாசித்தல் என்பது புத்தகத்தை வாசிப்பது போன்றது.

கட்டைகளை மூடும் பலகையைத் திறந்தால், அதன் உட்புறத்தில் பொன்னெழுத்தில் ஒரு பெயர் தெரியும். அதுவே செய்தவரின் பெயர் என்று எண்ணிவிடக் கூடாது. கொழும்பில் எச். டபிள்யூ. கேவ் கம்பெனி புத்தகமும் காகிதமும் விற்றதோடு பியானோவும் விற்றது. மதராஸ் மவுண்ட் ரோட்டில் மிஸ்குயித் கம்பெனி அவ்வாறே விற்றது. இன்றைய மியூசி மியூசிக்கல் அதன் வழிவந்த ஸ்தாபனம். இத்தகைய வியாபாரிகள் தமது பெயரைப் பலகையில் பொறிப்பது அந்நாளைய வழக்கம். செய்தவரின் பெயரே இல்லாமல் வியாபாரியின் பெயரை மட்டும் தாங்கிவந்த பியானோக்கள் உலகெங்கும் உண்டு. பெர்லினிலோ லண்டனிலோ முகமறியாத் தொழிலாளர் செய்த பண்டம், கொழும்புக் கடைக்காரரின் பெயரால் மலையேறியது.

எனவே மேற்பலகையைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். இரும்புச் சட்டத்தில் எழுத்து வார்க்கப்பட்டிருக்கலாம். பின்னால் உள்ள ஒலிப்பலகையில் முத்திரை பதிந்திருக்கலாம். இடப்புறத்து முதற் கட்டையை வெளியே எடுத்தால், அதன் பக்கவாட்டில் கட்டைகளைச் செய்த பட்டறையின் பெயரோ, பென்சிலால் எழுதிய ஒரு தேதியோ கிடைப்பதுண்டு. சுருதி சேர்க்க வந்தவர்கள் தம் பெயரையும் நாளையும் உள்ளே கிறுக்கிச் செல்வதும் வழக்கம். பொன்னெழுத்தில் இடம்பெறாத தொழிலாளியின் கையெழுத்து, திறந்து பார்ப்பவருக்கு மட்டும் தெரியும்படி, அங்கே பென்சிலில் ஒளிந்திருக்கிறது.

செய்தவர்களுள் சில பெயர்கள் புகழ்பெற்றவை. 1728 இல் பர்க்கட் ஷூடி லண்டனில் தொடங்கிய பட்டறையின் வழிவந்தது பிராட்வுட். கொலார்ட் அண்ட் கொலார்ட், பிரின்ஸ்மீட், சாப்பெல் ஆகியனவும் லண்டன் பெயர்களே. பெர்லினின் பெக்ஸ்டைன், லைப்ஸிக்கின் புளூத்னர், நியூயார்க்கின் ஸ்டைன்வே ஆகிய மூன்றும் ஒரே ஆண்டில், 1853 இல், பிறந்தவை. இவற்றைச் சூழ்ந்து, பெயர் மறந்துபோன நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் இருந்தன. 1910 ஆம் ஆண்டளவில் ஜெர்மனி ஆண்டொன்றுக்கு 1 லட்சத்துக்கு மேலும், அமெரிக்கா 3 லட்சத்துக்கு மேலும் பியானோக்களைச் செய்து குவித்தன. நம் கைக்குக் கிடைப்பவற்றுட் பெரும்பாலானவை இத்தகைய பேருற்பத்திக் காலத்துக் குழந்தைகளே.

வயதைச் சொல்லும் எண்

பியானோவின் வயதை அறியச் சிறந்த வழி அதன் வரிசை எண். இரும்புச் சட்டத்தின் மேல்முனையிலோ, உள்ளே மரத்தின் மேற்பரப்பிலோ, முதுகுப்புறத்திலோ நான்கைந்து இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பட்டறைகள் பெரும்பாலும் தாம் செய்த பியானோக்களை வரிசையாக எண்ணி வந்தன. எந்த ஆண்டில் எந்த எண் வரை செய்யப்பட்டது என்ற அட்டவணைகள் உள்ளன. பியர்ஸ் தொகுத்த பியானோ அட்லாஸ் இத்துறையில் பிரசித்தம். பெயரும் எண்ணும் தெரிந்தால் பிறந்த ஆண்டை ஓரிரு வருட வித்தியாசத்துக்குள் சொல்லிவிடலாம். பிராட்வுட் பட்டறையின் ஏடுகள் இங்கிலாந்தின் சர்ரே வரலாற்று மையத்தில் பாதுகாக்கப்படுகின்றன. எந்த எண்ணுடைய பியானோ எந்த நாளில் யார் வீட்டுக்குச் சென்றது என்று எழுதிய சுமைகாரர் ஏடுகளும் அவற்றுள் அடங்கும். 1817 இல் பேத்தோவனுக்கு அப்பட்டறை அன்பளிப்பாக அனுப்பிய பியானோ, கடல்வழியே திரியெஸ்தை அடைந்து, அங்கிருந்து வண்டியில் மலை கடந்து வியன்னா சேர்ந்த கதையை உலகம் அறியும்.

எண் அழிந்துபோயிருந்தால் வேறு சாட்சிகளை விசாரிக்க வேண்டும். ‘ஜெர்மனியில் செய்யப்பட்டது’ என்ற பொருளுடைய ஆங்கிலச் சொற்கள் காணப்பட்டால், அது 1887 க்குப் பிற்பட்டது என்று பெரும்பாலும் துணியலாம். அயல்நாட்டுச் சரக்கு பிரிட்டிஷ் சரக்குப் போல வேடமிட்டு விற்பனையாவதைத் தடுக்க, அவ்வாண்டில்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாணிபக் குறிச் சட்டத்தை இயற்றியது. கண்காட்சிகளில் பெற்ற பதக்கங்கள் பொறிக்கப்பட்டிருந்தால், அவற்றுட் கடைசிப் பதக்கத்தின் ஆண்டுக்கு முன்னர் அப்பியானோ பிறந்திருக்க முடியாது. முகப்பில் மெழுகுவர்த்தித் தாங்கிகளோ, அவற்றைக் கழற்றிய தழும்புகளோ இருந்தால், அது பெரும்பாலும் முதல் உலக யுத்தத்துக்கு முற்பட்டது. கட்டைகளை எண்ணிப் பார்த்து 85 இருந்தால் பழைய அமைப்பு. 88 இருந்தால் பிற்காலத்துக்குரிய அமைப்பாக இருக்க வாய்ப்பு மிகுதி. தந்திகள் எல்லாம் ஒரே திசையில் ஓடினால் பழைய முறை. கீழ்ச்சுருதித் தந்திகள் மற்றவற்றின் குறுக்கே சாய்வாகச் சென்றால் புதிய முறை. ஒலியடக்கிகள் சுத்தியல்களுக்கு மேலே, பறவைக் கூண்டின் கம்பிகள் போல நீண்ட கம்பிகளோடு அமைந்திருந்தால், அது ஆங்கிலப் பட்டறைகள் நெடுங்காலம் விடாது பற்றிக்கொண்டிருந்த பழைய அமைப்பு.

ஒரு சாட்சியை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்வது தவறு. பல சாட்சிகள் ஒரே ஆண்டை நோக்கி விரல் நீட்டும்போதுதான் முடிவு நிலைக்கும். சரித்திர மாணவன் ஒரு கல்வெட்டை வாசிக்கும் முறையும் இதுவே.

வெள்ளைக் கட்டையும் கறுப்புக் கட்டையும்

கட்டைகளைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். வெள்ளைக் கட்டையின் மேல் ஒட்டியுள்ள தகடு, கறுப்புக் கட்டை தொடங்கும் இடத்தில் மெல்லிய கோடாக இணைக்கப்பட்ட இரண்டு துண்டுகளாக இருந்தால், அது யானைத் தந்தமாக இருக்கக்கூடும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மரத்தின் ரேகை போல நுண்ணிய ரேகைகள் ஓடும். இணைப்பும் ரேகையும் இல்லையானால் அது பெரும்பாலும் செல்லுலாய்டு.

இலங்கை யானைகளின் நாட்டுக்கே அந்தத் தந்தம் வேறு கண்டத்திலிருந்து வந்தது. இலங்கை யானைகளில் ஆண்களுள்ளும் மிகச் சிலவே தந்தமுடையவை. பியானோவின் தந்தம் ஆப்பிரிக்காவினுடையது. அக்கண்டத்தின் உட்பகுதியிலிருந்து சான்சிபார்க் கரைவரை அதைச் சுமந்தவர்கள் சுமைகூலிகளும் அடிமைகளும். சான்சிபாரின் அடிமைச் சந்தை 1873 இல்தான் மூடப்பட்டது. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பியானோக் கட்டைகளுக்காகத் தந்தம் அறுப்பதையே தொழிலாகக்கொண்ட ஊர் ஒன்று ஐவரிடன் என்றே பெயர் பெற்றது. தந்த ஊர் என்பது அதன் பொருள்.

கறுப்புக் கட்டைகளோ, நல்ல பியானோக்களில் கருங்காலி மரத்தால் ஆனவை. மலிவானவற்றில் வேறு மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருப்பார்கள். தொழிற்சங்க மேடைகளில் நாம் வசைச்சொல்லாக வழங்கும் கருங்காலி, காட்டில் குற்றமற்ற நல்ல மரம். இலங்கையின் வறண்ட வலயக் காடுகள் உலகச் சந்தையில் பெயர்பெற்ற கருங்காலிக்குத் தாயகமாயிருந்தன. கையில் இருக்கும் ஒரு கட்டை எந்தக் காட்டில் வெட்டப்பட்டது என்பதை அக்கட்டை நமக்குச் சொல்லாது. ஆனால் மன்னாரிலிருந்து மாத்தளைக்கு மக்கள் நடந்த பாதை, கருங்காலி வளரும் அவ்வலயத்தின் ஊடாகவே சென்றது என்பதை மறக்கலாகாது. காட்டின் மரம் கப்பலேறி மேற்கே சென்றது. வாத்தியமாகித் துரையின் கூடத்துக்குத் திரும்பியது. மூலப்பொருளை ஏற்றி, செய்பொருளை இறக்கும் ஏகாதிபத்திய வாணிபத்தின் பாடத்தை மாணவருக்குக் கற்பிக்க இதைவிடச் சிறிய உதாரணம் வேண்டுமா?

விலை என்ன?

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். உடையவருக்கு இது பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும். பழமையானது என்பதனால் மட்டும் பியானோ விலைபெறுவதில்லை. வயலின் முதுமையில் மதிப்பேறும். பியானோவோ ஆயிரக்கணக்கான உறுப்புகள் கொண்ட யந்திரம், தேய்ந்துபோகும். தந்திகளை இறுக்கிப் பிடிக்கும் முறுக்காணிகள் தளர்ந்திருந்தால் சுருதி நிற்காது. இரும்புச் சட்டம் வெடித்திருந்தால் கதை முடிந்தது. மழையும் ஈரமும் மிகுந்த மலையிலே பழைய வச்சிரப் பசை இளகும், பலகை பிளக்கும், கம்பளியைப் பூச்சி அரிக்கும், மரத்தைக் கறையான் தின்னும். வெப்ப நாடுகளுக்கென்று செய்த பியானோக்களில், பசையை மட்டும் நம்பாமல் பித்தளைத் திருகாணிகளும் சேர்த்துப் பொருத்தியது இக்காரணத்தாலேயே. அப்படிப்பட்ட திருகாணிகள் காணப்பட்டால், அது நம் போன்ற நாடுகளுக்கென்றே செய்யப்பட்டது என்று ஊகிக்கலாம். தேர்ந்த பட்டறையின் பெயரும் பழுதற்ற உள்ளுறுப்பும் சேர்ந்தாலொழிய, பழுதுபார்க்கும் செலவு விலையை விஞ்சிவிடும். தந்தக் கட்டையுள்ள பியானோவை உரிய அனுமதியின்றி நாட்டின் எல்லை கடத்தவும் முடியாது; ஆப்பிரிக்கத் தந்த வாணிபத்தை உலக நாடுகள் 1989 இல் தடைசெய்தன.

இது சந்தை சொல்லும் விலை. வேறொரு கணக்கையும் போட்டுப் பார்ப்போம். 1927 இல் இயற்றப்பட்ட குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், மத்திய உயரத் தோட்டங்களில் நாளொன்றுக்கு ஆணுக்கு 52 சதம், பெண்ணுக்கு 41 சதம், சிறுவருக்கு 31 சதம் என்று கூலி நிர்ணயமாயிற்று. அந்நாளில் ஒரு பவுன் ஏறத்தாழ 13 ரூபா 33 சதம். சாதாரண நிமிர் பியானோவின் விலையை 40 பவுன் என்று வைத்துக்கொள்வோம். அது 533 ரூபா ஆகிறது. 52 சதம் பெறும் ஆண் தொழிலாளி, ஒரு சதமும் உண்ணாமல் உடுத்தாமல் சேர்த்தாலும், 1,025 நாள் உழைத்தால்தான் அத்தொகை கூடும். கொழுந்து கிள்ளும் பெண்ணுக்கோ 1,300 நாள் வேண்டும். கப்பற் கூலியும் ரயிற் கூலியும் இக்கணக்கில் சேரவில்லை. துரையின் சம்பளமும் கம்பெனியின் இலாபமும் எந்தக் கூடையிலிருந்து நிரம்பின என்பதை அறிந்தோருக்கு, கூடத்து மூலையில் நிற்பது எத்தனை பேரின் எத்தனை நாள் என்பது விளங்கும்.

மனிதருக்கு இட்ட எண்

பியானோவுக்கு எண் இட்டார்கள் என்றோம். தொழிலாளிக்கும் எண் இட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் தோட்ட முதலாளிகள் ஒரு முறையைக் கையாளத் தொடங்கினர். இந்தியாவிலிருந்து புறப்படும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு தகர வில்லை வழங்கப்பட்டது. போய்ச் சேரவேண்டிய தோட்டத்தின் குறியும் ஆளின் எண்ணும் அதிலே துளையிடப்பட்டிருந்தன. வழிச்செலவை எந்தத் தோட்டத்தின் கணக்கில் எழுதுவது என்பதற்கே அந்த எண். அச்செலவு கடனாகித் தொழிலாளியின் தலையில் விழுந்தது. ஒரு தோட்டத்தை விட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். இவனுடைய கடனைத் தீர்த்தால் இவனை விடுவிப்போம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. கங்காணிமார் கையில் அத்துண்டு மனிதரை விலைபேசும் பத்திரமாயிற்று. 1921 இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவ்விரண்டு எண்களையும் பக்கத்திற் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும். பியானோவின் எண் அதன் பிறப்பைச் சொல்ல இடப்பட்டது. எவ்வளவு தூரம் பயணித்தாலும், எத்தனை கை மாறினாலும், அந்த எண் அதற்குச் சாட்சி சொல்லும். தொழிலாளியின் எண் அவனுடைய கடனைச் சொல்ல இடப்பட்டது. அவன் எங்கே பிறந்தான், தந்தை யார், பாட்டன் யார் என்பது அதை இட்டவருக்கு அவசியமாயிருக்கவில்லை.

அது எப்போது அவசியமாயிற்று? நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே அவசியமாயிற்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், வமிசாவழியை நிரூபிக்கும்படி கேட்டது. தந்தை இலங்கையிற் பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தார்கள் என்றோ காட்ட வேண்டும். லயத்து அறையிற் பிறந்து, லயத்து அறையில் மாண்ட மக்களிடம் அதற்கு என்ன பத்திரம் இருந்தது? காட்டுவழியில் மடிந்தவர்களை எண்ணாத அதே அலட்சியம், மலையிற் பிறந்தவர்களையும் ஒழுங்காக எழுதி வைக்கவில்லை. ஏறத்தாழ 7 லட்சம் மக்கள் நாடற்றவராயினர். 1964 இல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று முடிவு. சந்தைச் சரக்கைப் பங்கிடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் காண்பது கடினம். 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் மாத்தளை நகரிலே தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, பொருள் மட்டுமா எரிந்தது? பெட்டியிற் பத்திரப்படுத்திய காகிதங்களும் எரிந்தன. நாடற்றவர் என்ற நிலையை முற்றாகத் தீர்க்கும் நோக்குடன் சட்டம் வந்தது 2003 ஆம் ஆண்டில். 55 ஆண்டுகள் கழிந்திருந்தன.

பெர்லினிலோ லண்டனிலோ பிறந்த ஒரு பெட்டியின் வயதை, அதைத் திறந்து ஓர் எண்ணைப் பார்த்து நாம் சொல்லிவிட முடிகிறது. அது நின்ற கூடத்தைப் பெருக்கித் துடைத்தவளின் வயதைச் சொல்ல முடியாமற்போனதால், அவளுடைய பேரப்பிள்ளைகள் கப்பலேற நேர்ந்தது. பழைய பியானோவின் மதிப்பைப் பற்றிப் பேசும்போது நம் நெஞ்சில் உறுத்துவது இந்த வித்தியாசமே.

மலையின் இசை

இவ்வளவும் சொன்னதால் பியானோ என்னும் வாத்தியத்தின் மேல் நமக்குப் பகை என்று யாரும் கருதவேண்டாம். மனிதகுலத்தின் அரிய சிருஷ்டிகளுள் அது ஒன்று. கொழும்பில் லயனல் வெண்ட் என்ற கலைஞர் பியானோவிலே தேர்ந்தவர். அவரே இந்நாட்டுச் சாதாரண மக்களைத் தம் புகைப்படங்களில் மகத்தான அழகோடு பதித்தவர். 1943 இல் நவீன ஓவியர் குழு உருவாவதற்குத் துணைநின்றவர். வாத்தியம் எந்த வர்க்கத்துக்கும் சாசனம் எழுதிக்கொடுத்த சொத்தன்று. யார் வாசிக்கலாம், யார் வாசலுக்கு வெளியே நிற்கவேண்டும் என்று வகுத்த சமுதாய அமைப்பே நம் கண்டனத்துக்கு உரியது.

மலையில் வேறு இசையும் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு ஆட்களை எழுப்பியது தப்பு. அதே தப்பு, வேலையில்லா நாளில் காமன் கூத்துக்கு முழங்கியது. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள், தொழிலாளர் கூட்டங்களில் தாமே பாடல் இயற்றிப் பாடி, சங்கத்தின் செய்தியை எழுத்தறியாதவரிடமும் கொண்டுசேர்த்தார். அப்பாட்டுக்குத் தந்தமும் வேண்டியிருக்கவில்லை, இரும்புச் சட்டமும் வேண்டியிருக்கவில்லை. தப்புக்கு வரிசை எண் இல்லை. செய்தவரின் பெயரை எந்த அட்லாசும் குறிக்கவில்லை. மாட்டுத்தோலும் மரச்சட்டமும் கொண்டு அதைச் செய்தவரையும் அடித்தவரையும் சாதியின் பெயரால் இழிவு செய்தது நம் சமூகம் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளாவிட்டால் நாம் நேர்மையாளராக மாட்டோம்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

மாத்தளை மாவட்டத்தில் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் பயிலும் மாணவர்களிடமும் நாம் வேண்டிக்கொள்வது இதுதான். உங்கள் பாடசாலையிலோ, தேவாலயத்திலோ, பக்கத்துப் பங்களாவிலோ பழைய பியானோ ஒன்று இருக்குமானால், அதை அலட்சியம் செய்யாதீர்கள். அனுமதி பெற்று மேற்பலகையைத் திறந்து பாருங்கள். பெயரை எழுதுங்கள், எண்ணை எழுதுங்கள், கட்டையின் பக்கத்திற் கிடக்கும் பென்சில் எழுத்தை வாசியுங்கள். அது சரித்திரப் பயிற்சி.

அதே குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு, அன்று மாலையே லயத்துக்கும் செல்லுங்கள். பழைய தகரப் பெட்டிகளில், சாமிப் படத்தின் பின்னால், துண்டோ, வில்லையோ, செக்ரோல் ஏட்டிலிருந்து பெயர்த்தெழுதிய தாளோ, பிறப்புச் சாட்சிப் பத்திரமோ, இந்தியாவுக்குப் போனவர் எழுதிய கடிதமோ எங்கேனும் எஞ்சியிருக்கும். முதியவர்களின் அருகில் அமர்ந்து கேளுங்கள். பாட்டனின் ஊர் எது, எந்த வழியாக வந்தார், எந்தத் தோட்டத்தில் முதலிற் பேர் பதிந்தார் என்று கேட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள். அவர்கள் விரும்பினால் அந்தக் காகிதங்களுக்குப் பிரதி எடுங்கள். மூலத்தை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள்.

பியானோ செய்தவன் ஏடு வைத்துக்கொண்டான். அதனால் அவனுடைய சரக்குக்கு வயது உண்டு. நம் மக்களின் ஏட்டை நமக்காக வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. அதை எழுதவேண்டிய வேலை இன்னும் நம் முன்னே கிடக்கிறது. முதியவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகிறார்கள். இந்த விடுமுறையிலேயே தொடங்குவோம்.